மதிப்புரை, திறனாய்வு, எதிர்வினைக் கட்டுரை: தமிழ் பயிலும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு நூலையோ ஆய்வுக் கட்டுரையையோ படித்து அதைப் பற்றி எழுதித் தர வேண்டிய அகமதிப்பீட்டுப் பணி வரும்போதெல்லாம், முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வில் புதிதாக நுழைந்தவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக இத்தகைய தாள்களைத் திருத்தி வருபவன் என்ற முறையில் அக்கேள்விகளையும், என் அறிவுக்கு எட்டிய விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ் இலக்கியத்திலிருந்து வந்தவை. வரலாறு, சமூகவியல் போன்ற துறைகளைத் தமிழ்வழியில் படிப்பவர்களுக்கும் அவை பொருந்தும்.

எதிர்வினைக் கட்டுரை, மதிப்புரை, திறனாய்வு ஆகிய மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. மூன்றும் ஒரு பனுவலை முன்னிறுத்தி எழுதப்படுபவை என்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன; ஆனால் ஒவ்வொன்றும் விடை தேடும் கேள்வி வேறு. எதிர்வினைக் கட்டுரை, படித்தவர் மனத்தில் அந்தப் பனுவல் எதைக் கிளர்த்தியது, எதை ஏற்க வைத்தது, எங்கே ஐயத்தை எழுப்பியது, ஏன் என்ற கேள்விகளுக்கு விடை சொல்கிறது. மதிப்புரை, அந்த நூலை இன்னும் படிக்காத ஒருவரை எதிரே அமர்த்திக்கொண்டு, நூல் இன்னது, அது தனக்கென வகுத்துக்கொண்ட பணியை எந்த அளவுக்குச் செய்து முடித்திருக்கிறது என்று தெரிவிக்கிறது. திறனாய்வு, பனுவலை ஏற்கெனவே படித்தவரோடு பேசுகிறது. ஒரு குறிப்பிட்ட சிக்கலை எடுத்துக்கொண்டு, சான்று காட்டி, ஒரு முடிவை நிறுவ முயல்கிறது.

இந்த வேறுபாடு மனத்தில் தெளிவாக இல்லாதபோது, மூன்றையும் கலந்து, பாதிக் கதைச்சுருக்கமும் பாதிப் பாராட்டுமாக ஒன்று வந்து சேர்கிறது. ஆசிரியர் எதைக் கேட்டிருக்கிறார் என்பது வினாத்தாளில் விளங்காவிட்டால், எழுதத் தொடங்கும் முன் அவரிடமே கேட்டுத் தெளிவதில் தவறில்லை.

மதிப்புரைக்கும் அணிந்துரைக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் நூலைப் பற்றித்தானே பேசுகின்றன?

அணிந்துரை நூலாசிரியர் கேட்க, அவர்மீது அன்பும் மதிப்பும் உடைய ஒருவர் எழுதித் தருவது. நூலின் உள்ளே அச்சாகி, நூலோடு சேர்ந்தே வாசகரிடம் போவது. அதன் வேர், பழைய நூல்களின் முன்னுரையாக அமைந்த சிறப்புப் பாயிரத்தில் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு பெரிய துறைகளைக் கற்று முடித்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்பதால்தான், பாயிரத்தைப் பிறர் செய்யும் வழக்கம் வந்தது என்று நன்னூல் சொல்கிறது. எனவே அணிந்துரையில் பாராட்டு இருப்பது குற்றமன்று. அது அந்த வகையின் இயல்பு.

மதிப்புரை எழுதுபவர் நூலாசிரியருக்குக் கடன்பட்டவர் அல்லர், வாசகருக்குக் கடன்பட்டவர். நம் மாணவர்கள் பள்ளிக் காலம் முதல் கண்ட நூல்களில் எல்லாம் அணிந்துரையையும் வாழ்த்துரையையுமே முதலில் படித்துப் பழகியிருப்பதால், மதிப்புரை எழுதச் சொன்னாலும் கை தானாக அந்த நடைக்கே போய்விடுகிறது. 'இந்நூல் ஆசிரியரின் அயராத உழைப்பைப் பறைசாற்றுகிறது', 'தமிழ் கூறும் நல்லுலகம் இதை வரவேற்கும்' என்ற தொடர்கள் எழுதப்பட்ட தாளில், அவற்றை அடித்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். உங்கள் தாளில் நீங்களே அதைச் செய்து பார்க்கலாம்.

எழுதுவதற்கு முன் எப்படிப் படிக்க வேண்டும்?

இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் வாசிப்பில் எதையும் மறுக்காமல், ஆசிரியர் எங்கே அழைத்துப் போகிறாரோ அங்கே போக வேண்டும். இரண்டாம் வாசிப்பில் பென்சிலை எடுத்து, அவருடைய முதன்மைக் கருத்து எந்தப் பக்கத்தில் முதன்முதலாகச் சொல்லப்படுகிறது, அதற்கு அவர் தரும் சான்றுகள் எவை, எந்த இடத்தில் சான்று இல்லாமல் கருத்து மட்டும் வருகிறது என்று பக்க எண்ணோடு குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறிப்புகளே கட்டுரையின் எலும்புக்கூடாகும்.

நான் மாணவனாக இருந்தபோது, ஒரு நூலின் முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் படித்துவிட்டு மதிப்புரை எழுதினேன். திருத்திய பேராசிரியர், 'மூன்றாம் இயலில் ஆசிரியர் தம் முன்னுரைக் கருத்தையே மாற்றிக்கொள்கிறாரே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?' என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. முன்னுரை பல வேளைகளில் நூல் முடிந்தபின் எழுதப்படுவது. ஆசிரியர் செய்ய விரும்பியதை அது சொல்லும். அவர் உண்மையில் செய்ததை நடு இயல்கள்தான் காட்டும்.

ஆசிரியரின் பெயரும் புகழும் நம் வாசிப்பை எவ்வளவு சாய்க்கின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1920களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை நீக்கிவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து அவர்களுடைய கருத்துகளை எழுதி வாங்கினார். நன்கு படித்த மாணவர்களே கவிதையின் நேர்ப்பொருளைத் தவறவிட்டதும், ஏற்கெனவே மனத்தில் படிந்திருந்த உணர்ச்சிகளையே கவிதையின்மீது ஏற்றிச் சொன்னதும் அந்தத் தாள்களில் வெளிப்பட்டன. அதன் பயனாக 1929இல் அவர் வெளியிட்ட நூல், எதிர்வினை எழுதும் எவரும் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்க ஆய்வாக இருக்கிறது.

மதிப்புரையின் தொடக்கத்தில் எவற்றைச் சொல்ல வேண்டும்?

இதற்கு நம்மிடமே பழைய, தெளிவான விடை இருக்கிறது. சிறப்புப் பாயிரத்தில் வர வேண்டியவை என்று நன்னூல் எட்டைச் சொல்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றோடு காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகச் சொல்வாரும் உண்டு என்கிறது. இதில் 'வழி' என்பது நூல் எந்த முன்னூலைப் பின்பற்றி வந்தது என்பதைக் குறிக்கும். இன்றைய மொழியில், இந்த நூல் எந்த ஆய்வு மரபில் நின்று பேசுகிறது என்ற கேள்வி. 'யாப்பு' என்பதை நூல் தொடுக்கப்பட்ட முறை, இயல்களின் அமைப்பு என்று கொள்ளலாம். 'கேட்போர்' என்பது யாருக்காக எழுதப்பட்டது என்பது.

பதினொன்றையும் வரிசையாக எழுதி நிரப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் மனத்தில் கேட்டுப் பார்த்து, உங்கள் மதிப்பீட்டுக்குத் தேவையானவற்றை மட்டும் முதல் ஒன்றிரண்டு பத்திகளில் சொன்னால் போதும். 'கேட்போர்' என்ற ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொதுவாசகருக்காக எழுதப்பட்ட ஒரு நூலில் அடிக்குறிப்பு குறைவு என்று குறை சொல்வதும், ஆய்வாளருக்காக எழுதப்பட்ட நூலை எளிமையாக இல்லை என்று குறை சொல்வதும், இந்தக் கேள்வியைக் கேட்காததால் வரும் பிழைகள்.

சுருக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

ஐந்து பக்கக் கட்டுரையானால் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இயல் இயலாகச் சுருக்காமல், ஆசிரியரின் வாதத்தைச் சுருக்குங்கள்.

எதிர்வினைக் கட்டுரையில் என் உணர்ச்சியை எழுதலாமா? ஆய்வு என்றால் உணர்ச்சி கூடாதல்லவா?

எழுதலாம், எழுதத்தான் வேண்டும். உணர்ச்சியைத் தொடக்கமாகக் கொள்வதில் தவறே இல்லை. அதிலேயே நின்றுவிடுவதுதான் தவறு. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் காலத்தில், ரசனையை முதன்மையாகக் கொண்ட க.நா.சுப்ரமண்யத்தின் போக்கும், பனுவலை நுணுகிப் பிரித்துப் பார்க்கும் செல்லப்பாவின் 'அலசல்' போக்கும் எதிரெதிராக நின்றன. ஒரு மாணவருக்கு இரண்டும் தேவை. ரசனை இல்லாதவருக்கு எதை அலசுவது என்றே தெரியாது. அலசத் தெரியாதவரின் ரசனையைப் பிறர் சரிபார்க்க வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். குறுந்தொகையின் 40ஆம் பாடலுக்கு எதிர்வினை எழுதச் சொன்னால், பெரும்பாலான தாள்களில் 'இப்பாடல் சாதி சமய வேறுபாடுகளைக் கடந்த காதலைப் பாடி என் மனத்தைத் தொட்டது' என்ற ஒரு வாக்கியம் வரும். மனத்தைத் தொட்டது என்பது உண்மையாக இருக்கலாம். அடுத்த கேள்வி, பாடலின் எந்த இடம் தொட்டது என்பது. பாடலை எடுத்து வைத்துக்கொள்வோம்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

முதல் மூன்று அடிகளும் மூன்று கேள்விகள். என் தாய், உன் தாய். என் தந்தை, உன் தந்தை. நான், நீ என்று இணை இணையாக வந்து, பெற்றோரிடமிருந்து காதலர் இருவரிடம் நெருங்குகின்றன. நான்காம் அடியில் கேள்வி நின்று உவமை வருகிறது. இப்பாடலின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வரும். அந்தக் குறைந்த அடியில், உவமை மட்டும் தனித்து நிற்கிறது. படிக்கும்போது நம் குரல் அங்கே ஒரு கணம் தங்குகிறது. ஐந்தாம் அடியில் 'தாம்' என்ற சொல் இருக்கிறது: நெஞ்சங்கள் தாமாகக் கலந்தன, யாரும் கலக்கவில்லை. இப்போது 'மனத்தைத் தொட்டது' என்ற உணர்ச்சிக்குப் பிறர் சரிபார்க்கக்கூடிய இடம் கிடைத்துவிட்டது.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. பாடலின் கீழுள்ள கூற்றுக் குறிப்பு, இயற்கைப் புணர்ச்சிக்குப் பின் தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பை அறிந்து தலைவன் சொன்னதாக இதைக் கூறுகிறது. அப்படியானால் இது உலகத்துக்கு அறிவிக்கும் முழக்கமன்று, அஞ்சிய ஒருத்திக்குச் சொல்லும் ஆறுதல். செம்மண்ணில் விழுந்து அதன் நிறத்தைப் பெற்றுவிட்ட மழைநீரை மீண்டும் பிரித்தெடுக்க முடியாது என்பதால், பிரிவச்சத்துக்கு அந்த உவமை நேரான மறுமொழியாகிறது. கூற்றுக் குறிப்பு பாடலின் பகுதியன்று, பிற்காலத்தார் சேர்த்தது என்று நீங்கள் வாதிடலாம். அது தகுதியான வாதமே. ஆனால் குறிப்பைப் படிக்காமலே விடுவதும், படித்துவிட்டு மறுப்பதும் வேறு வேறு.

சாதி பற்றிய கருத்துக்கு வருவோம். பாடல் கேட்பது உறவுமுறையைப் பற்றி. 'கேளிர்' என்ற சொல் அதைத்தான் சொல்கிறது. அதைச் சாதியைப் பற்றிய கூற்றாகக் கொள்ள வேண்டுமானால், வேறு சான்று வேண்டும். இன்றைய வாசகருக்கு இப்பாடல் அவ்வாறு பொருள்படுவது ஏன் என்று எழுதினால் அது நல்ல எதிர்வினைக் கட்டுரை ஆகும். புலவர் அதையே சொன்னார் என்று எழுதினால் நிறுவ முடியாத கருத்தாகிவிடும்.

'நான்' என்று எழுதலாமா? 'இவ்வாய்வாளர் கருதுகிறார்' என்றுதான் எழுத வேண்டுமா?

எதிர்வினைக் கட்டுரையில் தயங்காமல் 'நான்' என்று எழுதுங்கள். ஆய்வேட்டில் உங்கள் துறையின் வழக்கத்தைப் பின்பற்றுங்கள். எந்த வடிவமானாலும், 'எனக் கருதப்படுகிறது' என்று கருதியவர் யார் என்பதையே மறைத்துவிடும் வாக்கியத்தைத் தவிர்க்க வேண்டும்.

பெரிய அறிஞர் ஒருவரின் கருத்தை மாணவர் மறுக்கலாமா? அது மரியாதைக் குறைவு ஆகாதா?

இந்தக் கேள்வியைத்தான் மாணவர்கள் மிகுந்த தயக்கத்தோடு கேட்கிறார்கள். குரு மரபின்மீது நமக்குள்ள பற்று இதற்குக் காரணம்; அந்தப் பற்றை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் நம் உரைமரபு முழுவதும் மறுப்பின் வழியாகவே வளர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன்னோரான இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்று மதிப்போடு குறித்து, அவர் சொன்ன பொருளை எடுத்துக்காட்டி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டி மறுக்கிறார். திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், பிறர் கொண்ட பாடத்தையும் பொருளையும் 'உரைப்பாரும் உளர்' என்று பதிவு செய்கிறார். வேண்டிய இடத்தில் அதை மறுக்கவும் செய்கிறார்.

நூலாசிரியர் கொள்ளும் நிலைகளாக நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தையும் (இங்கே மதம் என்பது கொள்கை) நினைத்துக்கொள்ளலாம். பிறர் கருத்தோடு உடன்படலாம், மறுக்கலாம், பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர் களையலாம், தானே ஒன்றை நாட்டி அதை நிறுவலாம், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றம் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்ளலாம். பாராட்டு, கண்டனம் என்ற இரண்டே வழிகள் உண்டு என்று எண்ணும் மாணவருக்கு இந்த ஏழும் பெரிய திறப்பாக அமையும். பெரும்பாலான நல்ல திறனாய்வுகள் ஒரு பகுதியில் உடன்பட்டு, ஒரு பகுதியைக் களைந்து, ஓரிடத்தில் மட்டும் புதிதாக ஒன்றை நாட்டுகின்றன.

இந்த ஏழில் நான் மிக உயர்வாக மதிப்பது மூன்றாவதை: பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு. மறுப்பதற்கு முன், எதிர்க்கருத்தைக் கொண்டவர் படித்தால் 'ஆம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி அதை எடுத்துச் சொல்ல வேண்டும். அவருடைய மிக வலுவான சான்றையே எடுத்துக்கொள்ள வேண்டும். வலுவற்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நூல் முழுவதையும் வீழ்த்தியதாகக் காட்டக் கூடாது. என்னிடம் வரும் தாள்களில் மறுப்பு தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுவே.

மறுப்பு எங்கே போய் முடிய வேண்டும் என்பதற்கு மறைமலையடிகளின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சி நல்ல சான்று. முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்ட சிறிய பாட்டு. நச்சினார்க்கினியர் அதன் சொற்களைத் தொலைவான இடங்களிலிருந்து கொண்டுவந்து கூட்டிப் பொருள் உரைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைமலையடிகள் அம்முறையை ஏற்காமல், பாட்டு தன் இயல்பான ஓட்டத்திலேயே பொருள் தருகிறது என்று வாதிட்டார். வாதிட்டதோடு நிற்காமல், அவ்வாறு படித்தால் பாட்டு எப்படி விளங்கும் என்று தாமே உரை எழுதிக் காட்டினார். பிழை என்று சொல்பவர், சரியானது இது என்று செய்து காட்டும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

ஒரு நூலில் குறை காண எந்த அளவுகோலைக் கொள்வது?

நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூல் வகுத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியலும் பத்துக் குற்றங்களைப் பேசுகிறது. நன்னூல் சொல்பவை: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச் சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இவற்றை மனப்பாடமாக வைத்திருக்கும் மாணவர் பலர், ஒரு நூலைக் கையில் எடுக்கும்போது இவற்றைப் பயன்படுத்த நினைப்பதில்லை.

இன்றைய ஆய்வேடுகளில் நான் மிகுதியாகக் காண்பவை மூன்று. மற்றொன்று விரித்தல்: தலைப்பு சங்க இலக்கியத்தில் நெய்தல் நில மக்கள் என்றிருக்கும், முதல் இயல் முழுவதும் ஐந்திணைகளின் பொது இலக்கணம் ஓடும். மாறுகொளக் கூறல்: இரண்டாம் இயலில் ஏற்ற கால வரையறையை நான்காம் இயலில் ஆசிரியரே மறந்திருப்பார். சென்று தேய்ந்து இறுதல்: தொடக்கத்தில் பெரிய கேள்வி எழுப்பப்பட்டு, கடைசி இயலுக்கு வரும்போது அது பட்டியலாகக் குறுகிப்போயிருக்கும். இப்படிப் பெயர் சொல்லி, பக்கம் காட்டிக் குறையைக் குறிப்பிட்டால், 'நூல் தெளிவாக இல்லை' என்ற பொதுக்கூற்றைவிட அது பல மடங்கு பயன்படும்.

பத்துக் குற்றத்தைத் தொடர்ந்து பத்து அழகும் சொல்லப்பட்டிருக்கிறது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு, விளங்கு உதாரணம் ஆகியவற்றைக் கொண்டு பாராட்டையும் இதே துல்லியத்தோடு எழுதலாம்.

ஆய்வுக் கட்டுரையைத் திறனாயும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முடிவுக்கும் சான்றுக்கும் இடையே உள்ள தொலைவைக் கவனிக்க வேண்டும். கீழடியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பைக் கொண்டு அங்குள்ள பண்பாட்டைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசென்றது, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 580 என்ற காலம் கிடைத்தது. இதை மேற்கோள் காட்டி, 'கீழடியில் கிடைத்த எழுத்துகள் அனைத்தும் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை' என்று ஒரு கட்டுரை எழுதுமானால், திறனாய்பவர் கேட்க வேண்டியவை தெளிவானவை. காலம் கணிக்கப்பட்டது எந்தப் பொருளுக்கு? எழுத்துப் பொறித்த ஓடு எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில் கிடைத்தது? அந்த அடுக்கும் மாதிரி கிடைத்த அடுக்கும் ஒன்றா? பானை ஓட்டின் காலம், அது கிடந்த அடுக்கின் வழியாகவே உய்த்துணரப்படுகிறது என்பதைக் கட்டுரையாசிரியர் சொல்லியிருக்கிறாரா? இக்கேள்விகளைக் கேட்பவர் கீழடியின் பெருமையைக் குறைப்பதில்லை. அது உறுதியான நிலத்தில் நிற்க வேண்டும் என்று விரும்புகிறார்.

இலக்கிய ஆய்வில் இதற்கு இணையான ஆபத்து, சுற்றிச் சுற்றி வரும் வாதம். சங்கப் பாடல்களின் காலத்தைத் தொல்காப்பியத்தைக் கொண்டு முடிவு செய்துவிட்டு, தொல்காப்பியத்தின் காலத்தை அதே சங்கப் பாடல்களைக் கொண்டு முடிவு செய்யும் கட்டுரைகள் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வாதங்களும் சரிபோலவே தோன்றும். இரண்டையும் ஒரே தாளில் அம்புக்குறியிட்டு வரைந்து பாருங்கள். அம்பு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால், அதுவே உங்கள் திறனாய்வின் மையக் கருத்து ஆகிவிடும்.

எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினேன் என்று குறிப்பிடுவது அவ்வளவு முக்கியமா?

முக்கியம். குறுந்தொகையை முதலில் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் பதிப்பித்தார், உ.வே. சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. ஓலைச்சுவடிகளிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களில் பாடவேறுபாடுகள் இருப்பது இயல்பு. நீங்கள் ஒரு சொல்லின்மீது உங்கள் வாதத்தை எழுப்பும்போது, அந்தச் சொல் வேறு பதிப்பில் வேறாக இருந்தால் வாதம் முழுவதும் ஆட்டம் காணும். இணையத்தில் கிடைக்கும் பதிப்புக் குறிப்பில்லாத பாடல் வடிவத்தைத் தேடுவதற்குப் பயன்படுத்துங்கள். மேற்கோளை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டபின் எழுதுங்கள்.

மேற்கோள் எவ்வளவு காட்டலாம்? பதிப்புரிமைச் சிக்கல் வராதா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, திறனாய்வுக்காகவும் மதிப்புரைக்காகவும் ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாள்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. எனவே அச்சம் வேண்டாம். ஆனால் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்காட்டுங்கள். மேற்கோளுக்குப் பின் குறைந்தது அதே நீளத்துக்காவது உங்கள் விளக்கம் வர வேண்டும் என்பது நான் மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு.

கருத்துத் திருட்டு என்று எதைச் சொல்கிறார்கள்? மதிப்புரைக்கும் அது பொருந்துமா?

பிறர் எழுதிய சொற்களையோ கருத்தையோ, அவர் பெயரைச் சொல்லாமல் உங்களுடையதுபோலத் தருவது எல்லாமே கருத்துத் திருட்டுதான். இரண்டு சொற்களை மாற்றிப் போட்டாலும் அது அதுவே. ஒரு நூலுக்கு ஏற்கெனவே வந்த மதிப்புரையைப் படித்து, அதன் தீர்ப்பைத் தன் தீர்ப்பாக எழுதுவதும் இதில் அடங்கும்.

ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை வகுத்திருக்கிறது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்திய ஆய்வேட்டை ஆறு மாதத்துக்குள் மீண்டும் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டு தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். உரியவர் பெயரோடு காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. மென்பொருள் காட்டும் விழுக்காடு குறைந்துவிட்டால் நேர்மை வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கருத்தைத் திருடிச் சொல்லை மாற்றிய தாளை மென்பொருள் விட்டுவிடலாம், துறையை அறிந்த ஆசிரியர் விடமாட்டார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வைத்து எழுதலாமா?

உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். விதி இடம் தந்தாலும், அக்கருவிகள் இல்லாத நூலையும் இல்லாத பாடல் அடியையும் உள்ளதுபோல் எழுதித் தரக்கூடியவை என்பதால், ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தில் பார்த்தே ஆக வேண்டும். எதிர்வினைக் கட்டுரைக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை என்பது என் கருத்து. படித்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் படிக்காத ஒன்றிடம் கேட்க முடியாது.

நடையில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

'எனலாம்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஏழெட்டு முறை வந்தால், நீங்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்று பொருள். 'குறிப்பிடத்தக்கது', 'நோக்கத்தக்கது', 'வெள்ளிடைமலை' ஆகியவை சான்று இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஒன்று வெள்ளிடைமலையாக இருந்தால் அதைச் சொல்லவே தேவையில்லை. இல்லாவிட்டால் அந்தச் சொல் அதை அப்படி ஆக்கிவிடாது. கலைச்சொற்களில், ஒரு கருத்துக்குக் கட்டுரை முழுவதும் ஒரே சொல்லைக் கையாளுங்கள். 'பனுவல்' என்று தொடங்கிவிட்டு 'பிரதி' என்றும் 'படைப்பு' என்றும் அழகுக்காக மாற்றினால், மூன்றும் வேறு வேறா என்று படிப்பவர் தடுமாறுவார்.

கட்டுரையை எப்படி முடிப்பது?

சொன்னவற்றை மீண்டும் சொல்லி முடிக்க வேண்டாம். அது கூறியது கூறல். மதிப்புரையானால், இந்த நூல் யாருக்கு, எந்தத் தேவைக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை ஒரு பத்தியில் சொல்லுங்கள். திறனாய்வானால், உங்கள் முடிவு ஏற்கப்பட்டால் அடுத்து எழும் கேள்வி எது என்பதைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

என் கருத்து என் நெறியாளரின் கருத்துக்கு மாறாக இருந்தால்?

எழுதுவதற்கு முன் அவரிடம் நேரில் சென்று, சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 'ஐயா, நீங்கள் சொன்ன பொருள் இந்தப் பாடலுக்குப் பொருந்துகிறது. இந்த இரண்டு பாடல்களில் மட்டும் எனக்குப் பொருந்தவில்லை' என்று இடம் சுட்டிக் கேட்கும் மாணவரை வெறுக்கும் ஆசிரியர்கள் குறைவு. பேசியபின்னும் கருத்து மாறாவிட்டால், அவருடைய கருத்தை முழுமையாக எடுத்துரைத்து, அதன்கீழ் உங்கள் காரணங்களை எழுதுங்கள். என் மாணவர் ஒருவர், நான் வகுப்பில் சொன்ன ஒரு பொருளை இப்படித்தான் தம் தாளில் மறுத்திருந்தார். அவர் காட்டிய இரண்டு பாடல்களையும் அன்று மாலையே எடுத்துப் படித்தேன். மறுவாரம் வகுப்பில் என் விளக்கத்தைத் திருத்திச் சொன்னேன்.